எகிப்தில் எட்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

ஜனவரியில் எட்டு நாள் எகிப்து போகிறீர்கள். கூட மனைவியும் 68 வயது அம்மாவும். அம்மாவுக்கு முழங்கால் வலி. டிராவல்ஸில் போட்டுக் கொடுத்த திட்டத்தில் கெய்ரோவுக்கு மூன்று நாள், அலெக்சாண்டிரியாவுக்கு ஒரு நாள், செங்கடல் கடற்கரைக்கு இரண்டு நாள், லக்சருக்கு ஒரே நாள். இது போதுமா, பிரமிடுக்குள் போகலாமா, கல்லறைகளில் எவற்றைத் தேர்ந்தெடுப்பது, அபு சிம்பெல்லையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

போதாது. பழைய எகிப்தைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்தத் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். லக்சருக்கு நான்கு இரவு, கெய்ரோவுக்கு மூன்று. அலெக்சாண்டிரியாவும் செங்கடலும் இந்த முறை வேண்டாம். நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு குழுவோடு போனேன். கார்னக் கோயிலுக்கு 45 நிமிடம், அரசர் பள்ளத்தாக்குக்கு ஒரு மணி நேரம் என்று ஓட்டிக்கொண்டே போனார்கள். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது எது எந்தக் கோயில் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவது முறை பத்து நாளும் லக்சரிலேயே தங்கினேன். கீழே சொல்வதில் பெரும்பகுதி அப்போது கற்றுக்கொண்டது.

முதலில் ஒரு கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். அம்மாவுக்கும் விமானத்திலேயே சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால் சுவர்கள் பேச ஆரம்பிக்கும். தெரியாவிட்டால் எல்லாச் சுவரும் ஒரே மாதிரி இருக்கும்.

சூரியன் தினமும் மேற்கில் சாகிறது. இரவின் 12 மணி நேரமும் சூரியக் கடவுளான ரா ஒரு படகில் பாதாளத்தின் வழியே போகிறார். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பகுதி, ஒரு வாசல், அதற்கொரு காவல். வழியில் அபெப் என்ற பெரும் பாம்பு படகை மறிக்கிறது. நள்ளிரவில் ரா, இறந்தவர்களின் அரசனான ஒசிரிஸோடு ஒன்றாகிறார். அங்கேதான் மறுபடி உயிர் வருகிறது. விடியும்போது வண்டு வடிவில் கிழக்கே எழுகிறார். இறந்த அரசன் இந்தப் படகில் ஏறிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் லக்சரில் நைலின் கிழக்குக் கரையில் ஊரும் கடவுளின் பெருங்கோயில்களும், மேற்குக் கரையில் கல்லறைகளும் அரசர்களின் நினைவுக் கோயில்களும். அரசர் பள்ளத்தாக்கில் மலைக்குள் இறங்கும் நீண்ட தாழ்வாரம் அந்த இரவின் பாதை. நீங்கள் நடந்து உள்ளே போகப் போக இரவு கூடுகிறது.

இப்போது அந்தப் பள்ளத்தாக்கு. அங்கே கண்டுபிடிக்கப்பட்ட கல்லறைகள் 60க்கு மேல். ஒரு சமயத்தில் திறந்திருப்பவை சில மட்டுமே. சுழற்சி முறையில் மூடித் திறப்பார்கள். பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். துட்டன்காமுன், முதலாம் சேத்தி, ஆறாம் ராமேசஸ் ஆகிய அரசர்களுடையவற்றுக்குத் தனி டிக்கெட். காலை ஆறு மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். எட்டரை, ஒன்பதுக்குப் பேருந்துகள் வந்துவிடும். அதற்குப் பிறகு தாழ்வாரங்களில் வரிசை, காற்றில் புழுக்கம். வாசலிலிருந்து கல்லறைகள் இருக்கும் இடம் வரை மின்வண்டி உண்டு, அம்மாவுக்கு அதை எடுங்கள்.

அம்மாவுக்கு ஏற்றவை ராமேசஸ் என்ற பெயர் கொண்ட பிற்கால அரசர்களின் கல்லறைகள். இவை அகலமான தாழ்வாரத்தோடு நேராக, மெதுவாகச் சரிந்து போகும். நான்காம் ராமேசஸ் கல்லறையில் ஆரம்பியுங்கள். வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முடிவில் மிகப் பெரிய கல் சவப்பெட்டி, மேலே கூரையில் வான தேவதை நுட். இந்தக் கல்லறைக்கு அந்தக் காலத்திலேயே வரைந்த வரைபடம் ஒன்று பாப்பிரஸ் தாளில் கிடைத்து, இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்தது மூன்றாம் ராமேசஸ். உள்ளே நடக்கும்போது தாழ்வாரம் திடீரென்று வலப்பக்கம் ஒதுங்கிப் போவதைக் கவனியுங்கள். குடைந்துகொண்டு போனவர்கள் பக்கத்துக் கல்லறையின் கூரையில் இடித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பாதையை நகர்த்தினார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தத் தவறும் அதைச் சரிசெய்த விதமும் அப்படியே கண்முன் இருக்கின்றன. அதே கல்லறையின் சிறு அறை ஒன்றில் யாழ் வாசிக்கும் பார்வையற்ற இசைஞர்கள் இருவரின் ஓவியம் இருக்கிறது.

தனி டிக்கெட்டுகளில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆறாம் ராமேசஸ் கல்லறைக்கு வாங்குங்கள். இதைத் தயங்காமல் சொல்வேன். சவ அறையின் கூரை முழுவதும் நுட் இரண்டு முறை முதுகோடு முதுகாக நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை வாயால் விழுங்குகிறாள். அது அவள் உடலுக்குள் சிவப்பு வட்டுகளாக நகர்ந்து நகர்ந்து விடியலில் பிறக்கிறது. மேலே சொன்ன கதை முழுவதும் ஒரே கூரையில். சுவரில் சாய முடியாது, கண்ணாடித் தடுப்பு இருக்கும். அம்மாவை ஓரமாக நிறுத்தி, கழுத்து வலிக்கும் வரை மேலே பார்க்கச் சொல்லுங்கள். சவ அறை வரை சரிவுப் பாதைதான். ஆனால் நீளம் நூறு மீட்டருக்கு மேல், திரும்பி வரும்போது ஏற்றம். ஆகவே அம்மாவுக்கு இதையும் சேர்த்து அன்றைக்கு மூன்று கல்லறைதான். நீங்களும் மனைவியும் நான்கைந்து பார்க்கலாம். அதற்கு மேல் கண் வாங்காது.

இந்தக் கல்லறைகள் கிரேக்க, ரோமானியக் காலத்திலேயே சுற்றுலாத் தலம். பள்ளத்தாக்கில் அவர்கள் சுவர்களில் கீறிவிட்டுப் போன எழுத்துகள் 2,000க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. ஆறாம் ராமேசஸ் கல்லறையில் மட்டும் ஆயிரத்துக்கு அருகில். வந்தேன், சவப்பெட்டியைத் தவிர எதுவும் பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை என்று இன்னொருவர் வருத்தப்பட, படிக்க முடியாவிட்டால் உனக்கு என்ன என்று அதற்குப் பதிலும் கீறியிருக்கிறார்கள். இவற்றுக்கு நடுவே தமிழ் பிராமியில் எழுதிய பெயர்களும் இருப்பதை அறிஞர்கள் அண்மையில் படித்துச் சொன்னார்கள். சிகை கொற்றன் என்ற ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் தன் பெயரை விட்டுச் சென்றிருக்கிறார். நம்மவர் அங்கே போவது புதிதில்லை. ஆனால் நாம் சுவரைத் தொடக்கூட வேண்டாம்.

துட்டன்காமுன் கல்லறை? எல்லோரும் கேட்கும் பெயர் என்பதால் சொல்கிறேன். மிகச் சின்னது, ஓவியம் சவ அறையில் மட்டும். 1922 நவம்பர் 4ஆம் தேதி ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்டரின் ஆட்கள் முதல் படியைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை அது தப்பியதற்கு ஒரு காரணம், ஆறாம் ராமேசஸ் கல்லறையை வெட்டியவர்கள் அந்த இடத்தின் மேலேயே குடிசை போட்டுக்கொண்டதுதான். பொருள்கள் எல்லாம் கெய்ரோவுக்குப் போய்விட்டன. அவருடைய மம்மியும் கல் சவப்பெட்டியும் மட்டும் அங்கேயே இருக்கின்றன. அந்த உடலுக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று தோன்றினால் போங்கள். ஓவியத்துக்காகப் போக வேண்டியதில்லை. முதலாம் சேத்தி கல்லறைதான் பள்ளத்தாக்கின் உச்சம்: 1817இல் பெல்சோனி என்ற இத்தாலியர் திறந்தது, புடைப்புச் சிற்பங்களின் நேர்த்திக்கு அங்கே இணையில்லை. டிக்கெட் விலை மிக அதிகம், படிகளும் அதிகம். அம்மாவை மின்வண்டி நிலையத்தின் நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் இருவரும் போய் வரலாம். மூன்றாம் துத்மோஸ் கல்லறையும் அப்படித்தான். பாறையில் உயரத்தில் வாசல், இரும்புப் படிக்கட்டில் ஏறி, பிறகு உள்ளே செங்குத்தாக இறங்க வேண்டும். ஆனால் அந்த முட்டை வடிவச் சவ அறையில் இரவின் 12 மணி நேரமும் குச்சி உருவங்களாக, விரித்து ஒட்டிய பாப்பிரஸ் சுருள் போல வரையப்பட்டிருக்கிறது. முழங்கால் நன்றாக உள்ளவர் தவறவிடக் கூடாது.

வழிகாட்டிகள் கல்லறைகளுக்குள் விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. வெளியே நின்று சொல்லிவிட்டு உங்களை உள்ளே அனுப்புவார்கள். அதனால்தான் அந்தக் கதையை முன்பே தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

அரசர் பள்ளத்தாக்கைப் பார்த்த மறுநாள் டெய்ர் எல் மதீனா போங்கள். உங்கள் டிராவல்ஸ் திட்டத்தில் இந்தப் பெயரே இருக்காது. எனக்கோ எகிப்து முழுவதிலும் மனதுக்கு நெருக்கமான இடம் இதுதான். அரசர்களின் கல்லறைகளை வெட்டிய கொத்தர்களும் ஓவியர்களும் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். வீடுகளின் அடிச்சுவர்கள் தெருவோடு அப்படியே இருக்கின்றன. எழுதத் தெரிந்தவர்கள் நிறைய இருந்த ஊர் என்பதால் உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் கணக்கு, கடிதம், வழக்கு எல்லாம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் ராமேசஸின் 40ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவேடு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒருவருக்குத் தேள் கொட்டியது, ஒருவருக்குக் கண் நோய், ஒருவர் பீர் காய்ச்ச வீட்டில் நின்றுவிட்டார், ஒருவர் தாயின் இறுதிச் சடங்குக்குப் போனார். மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், கூலியாக வர வேண்டிய தானியம் வராததால் இவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயில்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். எழுத்தில் பதிவாகியிருக்கும் முதல் வேலைநிறுத்தம் அது. முந்தின நாள் நீங்கள் பார்த்த அந்த யாழ் இசைஞர்களின் கல்லறைக்கு உரிய அரசன்தான் இந்த ராமேசஸ்.

அவர்கள் தங்களுக்கென்று வெட்டிக்கொண்ட கல்லறைகள் அங்கேயே மலைச்சரிவில் இருக்கின்றன. சென்னெட்ஜெம் என்பவருடையது 1886இல் கொள்ளை போகாமல் கிடைத்தது. குனிந்து, குறுகலான படியில் இறங்கினால் ஒரு சின்ன அறை. நம் வீட்டுப் பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரிது. சுவரெல்லாம் மஞ்சள் பின்னணியில் நேற்று வரைந்தது போன்ற வண்ணம். சென்னெட்ஜெமும் மனைவி இய்னெஃபெர்த்தியும் மறுமையில் வெள்ளைத் துணி உடுத்தி, ஏர் உழுது, கதிர் அறுக்கிறார்கள். அரசனுக்குப் பாதாளமும் பாம்பும் பன்னிரண்டு வாசலும் வரைந்து கொடுத்த ஊரைச் சேர்ந்தவர், தனக்கு வேண்டியது நல்ல வயலும் மனைவியும் என்று காட்டியிருக்கிறார். நான் அந்த அறையில் நின்ற பத்து நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை. படி குறுகல், ஆனால் எண்ணிக்கை குறைவு. அம்மா ஒவ்வொரு படியாகப் பிடித்துக்கொண்டு இறங்க முடிந்தால் இறங்கட்டும். முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம், இதே போன்ற நிறைவு அவருக்கு வேறு இடத்தில் கிடைக்கும்.

அந்த இடம் பக்கத்திலேயே உள்ள பிரபுக்கள் கல்லறைகள். குறிப்பாக ரெக்மிரே. மூன்றாம் துத்மோஸின் தலைமை அமைச்சர். உள்ளே படியே இல்லை. நீண்ட, குறுகிய அறை, உள்ளே போகப் போகக் கூரை உயர்கிறது. ஒரு சுவரில் நூபியர்கள் ஒட்டகச்சிவிங்கி கொண்டு வருகிறார்கள், அதன் கழுத்தில் ஒரு குரங்கு ஏறிக்கொண்டிருக்கிறது. சிரியாவிலிருந்து வந்தவர்கள் யானையும் கரடியும் ஓட்டி வருகிறார்கள். இன்னொரு சுவரில் செங்கல் அறுப்பவர், பொன் உருக்குபவர், தச்சர். அம்மா இங்கே அரை மணி நேரம் சும்மா நிற்பார். அதோடு ரமோஸ் கல்லறை: சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய விருந்தினர் வரிசை, அதில் கண்ணுக்கும் புருவத்துக்கும் மட்டும் கறுப்பு மை. அகெனாதென் அரசனின் புதிய கலைப்பாணி தொடங்கும் தருணத்தில் வேலை நின்றுபோனது. ஒரே மண்டபத்தில் பழைய பாணி ஒரு சுவர், புதிய பாணி ஒரு சுவர்.

மேற்குக் கரையில் இன்னும் இரண்டு. அரசி ஹட்ஷெப்சுட்டின் கோயிலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மலைச்சுவருக்குக் கீழே மூன்று அடுக்கு. நேரில் போனால் இரண்டாம் அடுக்கில் பூன்ட் நாட்டுப் பயணத்தைத் தேடுங்கள்: சாம்பிராணி மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அரசியின் உருவம் இருக்க வேண்டிய பல இடங்களில் உளியால் கொத்திய வடு மட்டும் இருக்கும். வெயிலுக்கு முன் பார்த்து முடித்துவிடுங்கள். மெதினெத் ஹாபுவை மாலைக்கு வையுங்கள். மூன்றாம் ராமேசஸின் நினைவுக் கோயில். நடப்பதற்குப் பெரும்பாலும் சமதளம், கூட்டம் குறைவு, தூண்களின் தலைப்பகுதியிலும் கூரைக்கு அடியிலும் வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. எழுத்துகளைக் கை நுழையும் ஆழத்துக்கு வெட்டியிருக்கிறார்கள், பின்னால் வருகிற எவனும் அழிக்கக் கூடாது என்று. போரில் கொன்றவர்களின் வெட்டிய கைகளைக் குவித்து எழுத்தர்கள் எண்ணும் காட்சியும் உண்டு. அது கொடூரம்தான், ஆனால் இந்த அரசர்கள் தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்பது அங்கே நேராகத் தெரியும்.

இரண்டாம் ராமேசஸின் மனைவி நெஃபெர்தாரியின் கல்லறை அரசியர் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1904இல் இத்தாலியத் தொல்லியலாளர் ஸ்கியாபரெல்லி கண்டுபிடித்தது. அழகில் எகிப்திலேயே முதன்மை என்று பலரும் சொல்வது சரிதான். ஆனால் அடிக்கடி மூடிவிடுகிறார்கள், திறந்திருந்தாலும் டிக்கெட் மிக விலை, உள்ளே சில நிமிடம்தான். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அந்தப் பாறையில் உப்பு அதிகம். ஈரம் பட்டால் உப்பு கரைந்து, மறுபடி படிகமாகிச் சுவர்ப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். நம் ஒவ்வொருவரின் மூச்சிலும் வியர்வையிலும் அந்த ஈரம் இருக்கிறது. அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனம் எகிப்திய அரசோடு சேர்ந்து 1986 முதல் 1992 வரை உட்கார்ந்து அந்த ஓவியங்களைக் காப்பாற்றியது. போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அதற்காக வருந்தாதீர்கள்.

இனி கிழக்குக் கரை. கார்னக் கோயிலுக்கும் விடியற்காலையிலேயே போங்கள், ஒரு முழுக் காலை கொடுங்கள். பெரிய தூண் மண்டபத்தில் 134 தூண்கள். நடுவில் உள்ள 12 தூண்கள் 21 மீட்டர் உயரம். அவை பாப்பிரஸ் கோரைப்புல்லின் உருவம்: நடுவில் ஒளி படும் இடத்தில் மலர்ந்த பூ, ஓரத்தில் நிழலில் மொட்டு. உலகம் தோன்றியபோது இருந்த சதுப்புநிலத்தைக் கல்லில் செய்திருக்கிறார்கள். எகிப்தியக் கோயிலில் கருவறையை நோக்கிப் போகப் போகத் தரை மெல்ல உயரும், கூரை தாழும், வெளிச்சம் குறையும். சாதாரண மக்கள் உள்ளே போக முடியாது. கடவுள்தான் திருவிழாவில் படகு வாகனத்தில் வெளியே வருவார். ஓபெட் திருவிழாவில் கார்னக்கின் கடவுளான அமுன் அங்கிருந்து லக்சர் கோயிலுக்குப் போன சுமார் 2.7 கி.மீ. வழியில் இரண்டு பக்கமும் ஸ்பிங்க்ஸ் சிலைகள். அந்தப் பாதையை முழுவதும் தோண்டி எடுத்து 2021 நவம்பரில் திறந்தார்கள். நம் வாசகருக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை, உற்சவர் புறப்பாடு பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

கார்னக்கில் குழுக்கள் திரும்பிவிடும் இடத்தில் நீங்கள் திரும்பாதீர்கள். திறந்தவெளி அருங்காட்சியகம் என்று ஒரு மூலை இருக்கிறது. அங்கே முதலாம் செனுஸ்ரெட் கட்டிய வெள்ளை மண்டபம். கி.மு. 1900களில் கட்டியதைப் பிற்கால அரசன் ஒருவன் பிரித்து மூன்றாம் வாயில் மதிலுக்குள் அடைகல்லாகப் போட்டுவிட்டான். 20ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு கல்லாக எடுத்து மறுபடி சேர்த்தார்கள். மதிலுக்குள் புதைந்திருந்ததால் செதுக்கல் கூர்மை மாறாமல் இருக்கிறது. பறவையின் இறகு இழைகளைக்கூட எண்ணலாம்.

லக்சர் கோயில் ஊருக்கு நடுவில், நைல் கரையில். இரவிலும் திறந்திருக்கும், விளக்கொளியில்தான் அழகு. வாசலில் ஒரே ஒரு ஊசித்தூண். அதன் ஜோடி 1836இலிருந்து பாரிஸ் நகரச் சதுக்கத்தில் நிற்கிறது. உள்ளே அபு ஹக்காக் பள்ளிவாசலின் பழைய வாசல் கதவு தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தெரியும். பள்ளிவாசல் கட்டிய காலத்தில் கோயில் அந்த உயரம் வரை மண்ணுக்குள் இருந்தது. மண்ணை அள்ளிய பிறகு கதவு மேலேயே நின்றுவிட்டது. உள்ளே போய் நிற்கும்போது பாங்கு ஒலித்தால் அங்கேயே கொஞ்ச நேரம் உட்காருங்கள். அந்த இடத்தில் வழிபாடு என்பது எந்த மதத்தின் வழியாகவோ மூவாயிரம் ஆண்டுக்கு மேல் தொடர்ந்து வந்திருக்கிறது.

லக்சரின் நான்காவது நாளை அபிடோஸ், டெண்டெராவுக்கு வையுங்கள். கார் எடுத்தால் ஒரே நாளில் இரண்டும் முடியும். அபிடோஸில் முதலாம் சேத்தியின் கோயில். அவருடைய கல்லறைக்கு நீங்கள் போகவில்லை என்றால் அதே கைத்திறனை இங்கே படி இறங்காமல் பார்த்துவிடலாம். அம்மாவுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. சுவரில் 76 அரசர்களின் பெயர்ப்பட்டியல். ஹட்ஷெப்சுட், அகெனாதென், துட்டன்காமுன் பெயர்களை அதில் தேடாதீர்கள், வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். டெண்டெராவில் ஹாத்தோர் தேவியின் கோயிலில் பல நூற்றாண்டுக் கரியைச் சுத்தம் செய்த பிறகு கூரையின் நீலம் வெளியே வந்திருக்கிறது. அங்கும் மேலே பாருங்கள்: நுட் மறுபடி சூரியனை விழுங்கிக்கொண்டிருப்பாள். ஆறாம் ராமேசஸுக்கும் இதற்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி.

அபு சிம்பெல்? அஸ்வானிலிருந்து மட்டுமே சாலையில் சுமார் 280 கி.மீ. எட்டு நாளில் சேர்த்தால் ஒன்றரை நாள் பயணத்திலேயே போகும். அந்த மலைக்கோயிலை 1964 முதல் 1968 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட கல் துண்டுகளாக அறுத்து, அணை நீரில் மூழ்காதபடி பழைய இடத்தைவிட 65 மீட்டர் மேலே தூக்கி மறுபடி பொருத்தினார்கள். அது பார்க்க வேண்டியதுதான். அஸ்வான், ஃபைலே, எட்ஃபு ஆகியவற்றோடு சேர்த்து இன்னொரு பயணமாக வையுங்கள்.

கெய்ரோவில் கிசா பிரமிடுகளுக்கு அரை நாள் போதும். குஃபுவின் பிரமிடு முதலில் 146 மீட்டருக்குச் சற்று அதிகம், இப்போது 138 மீட்டர் அளவு. அடியில் போய் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நின்றால்தான் அளவு உறைக்கும். உள்ளே அம்மா போக வேண்டாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாலடி உயரப் பாதையில் குனிந்தபடியே மேலே ஏற வேண்டும், காற்று இருக்காது. கடைசியில் இருப்பது வெறும் கிரானைட் அறை, மூடி இல்லாத ஒரு கல் பெட்டி. ஒரு எழுத்தும் கிடையாது. நீங்கள் போவதானால் அறைக்காகப் போகாதீர்கள். வழியில் வரும் பெருங்கூடம் என்ற 47 மீட்டர் நீளச் சரிவுக்காகப் போங்கள். இரு பக்கச் சுவர்களும் அடுக்கடுக்காக உள்ளே நெருங்கி வந்து மேலே சேரும் அந்தக் கட்டுமானத்தைப் பார்க்க மூச்சிரைப்பது தகும்.

மறுநாள் முழுவதும் சக்காரா. கெய்ரோவிலிருந்து தெற்கே 30 கி.மீ. அளவு. இம்ஹோடெப் என்ற கட்டடக் கலைஞர் ஜோசர் அரசனுக்குக் கட்டிய படிப் பிரமிடு கி.மு. 2650 வாக்கில் எழுந்தது. கல்லில் இவ்வளவு பெரிதாகக் கட்ட முடியும் என்று உலகம் கற்றுக்கொண்ட இடம். பக்கத்தில் உனாஸ் பிரமிடு, வெளியே பார்த்தால் இடிந்த மண்மேடு. உள்ளே சுவர் முழுவதும் நீல எழுத்து வரிகள், கூரையில் நட்சத்திரங்கள். பிரமிடுக்குள் எழுதப்பட்ட மந்திரங்களில் மிகப் பழையவை இவை, கி.மு. 2350 வாக்கில். பிரமிடுக்குள் ஒருமுறையாவது இறங்க வேண்டும் என்றால் திறந்திருக்கும் நாளில் இங்கே இறங்குங்கள். அம்மாவுக்கு மெரெருகா, ககெம்னி கல்லறைகள். தரை மட்டத்திலேயே அறை அறையாக வீடு போல. மீன் பிடிப்பவர், நீர்யானை வேட்டை, கழுதைப்புலியை மல்லாத்திப் பிடித்து வாயில் தீனி திணிப்பவர் என்று நாலாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய அன்றாட வாழ்க்கை.

கிசாவில் புதிய கிராண்ட் எகிப்தியன் மியூசியத்தை 2025 நவம்பர் 1ஆம் தேதி முறைப்படி திறந்தார்கள். துட்டன்காமுனின் 5,000க்கு மேற்பட்ட பொருள்களும் முதல் முறையாக ஒரே இடத்தில். 1954இல் பிரமிடு அருகே கிடைத்த குஃபுவின் 43 மீட்டர் மரப்படகும் இப்போது அங்கேதான். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். லிஃப்ட், நகரும் நடைபாதை எல்லாம் உண்டு என்பதால் அம்மாவுக்குச் சிரமமில்லை.

கொஞ்சம் நடைமுறை விஷயங்கள். பெரும்பாலான இடங்களில் டிக்கெட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான்; வெளிநாட்டில் செல்லும் கார்டு இரண்டு கொண்டு போங்கள். பக்ஷீஷ் என்ற இனாமுக்குச் சில்லறை நோட்டுகள் தனியாக வையுங்கள். கல்லறைக் காவலர்களில் பலர் நல்லவர்கள், மூலையில் இருக்கும் நல்ல ஓவியத்தை விளக்கடித்துக் காட்டுவார்கள். கொஞ்சம் கொடுப்பது மரியாதை. ஆனால் கயிறு கட்டிய இடத்துக்குள் விடுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். இன்று மூடியிருக்கிறது, என்னோடு வா என்று சாலையில் யார் சொன்னாலும் வாசல் வரை போய் நீங்களே பாருங்கள். ஃபோனில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. ஜனவரியில் லக்சரில் பகல் இதமாக இருக்கும், விடியற்காலை குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும், அம்மாவுக்கு ஸ்வெட்டரும் ஒரு கைத்தடியும் அவசியம்.

எட்டாம் நாள் கெய்ரோ திரும்பி, விமானத்துக்கு முன் இரண்டு மணி நேரம் இருந்தால் ஃபுஸ்டாட் பகுதியில் உள்ள தேசிய எகிப்திய நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 2021 ஏப்ரல் 3ஆம் தேதி 22 அரச மம்மிகளை ஊர்வலமாகக் கொண்டு வந்து சேர்த்த இடம். இத்தனை நாள் யாருடைய கல்லறைகளையும் கோயில்களையும் பார்த்தீர்களோ அவர்களில் பலர் அங்கே இருட்டு அறைகளில் படுத்திருக்கிறார்கள். ஹட்ஷெப்சுட், மூன்றாம் துத்மோஸ், முதலாம் சேத்தி. சேத்தியின் முகம் தூங்குவது போலவே இருக்கும். அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை, அது நல்லதுதான்.

சேத்தியின் மகன் இரண்டாம் ராமேசஸும் அங்கே இருக்கிறார். கி.மு. 1213இல், 90 வயதை ஒட்டி இறந்தவர். அவர் உடலைப் பதப்படுத்தியவர்கள் வளைந்த மூக்கு நசுங்காமல் இருக்க உள்ளே மிளகை அடைத்து வைத்தார்கள். எகிப்தில் மிளகு விளையாது. அந்தக் காலத்தில் மிளகு விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம். அது எத்தனை கை மாறி அங்கே போய்ச் சேர்ந்ததோ. அதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுக்குப் பிறகு, செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் துறைமுகத்தில், கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகளை நம் வணிகர்கள் விட்டுச் சென்றார்கள். அம்மாவை அந்தக் கண்ணாடிப் பேழைக்குப் பக்கத்தில் அழைத்துப் போய், மூக்கைக் காட்டி, மிளகுக் கதையைச் சொல்லுங்கள்.